சமையல் மேடையில் ஆறு வட்டம்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு நிறைந்த தம்பி சாமிநாதனுக்கு அக்கா கன்னியம்மாள் எழுதிக்கொள்வது. நான் சவுக்கியம். கல்தான் சவுக்கியமில்லை. குடியாத்தத்தில் நீயும் சுந்தரியும் பிள்ளைகளும் நல்லபடி இருக்க அந்தக் கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி வுடுக்கா" என்பாய், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் ஐந்தாவது படித்த கையால் எழுதுகிறேன். சுந்தரி பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் படிக்காதே.

மாமாவின் வருஷத் திதிக்கு முன்னால் சமையல் மேடைக் கல்லை மிஷின் போட்டுத் தேய்க்க வியாழக்கிழமை மேஸ்திரி சீனிவாசனை அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பு. ஆனால் ஆறு வட்டத்தில் ஐந்தைத்தான் தேய்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பு. எந்த ஆறு என்பாய். சொல்கிறேன்.

வீடு கட்டும்போது நீ கறுப்புக் கல் போடச் சொன்னாய். உன் மாமாதான் "நாள் பூரா ஷூ கம்பெனில கறுப்புத் தோலயே பாத்துட்டு வர்றேன், வூட்லயாவது வெள்ளையா இருக்கட்டும்" என்று மார்பிள் கேட்டார். நீயும் முகத்தைத் தூக்கிக்கொண்டே வாங்கிக் கொடுத்தாய். சர்க்கரை வந்த பிறகு மூன்று வருஷம் அவர் குடித்ததெல்லாம் எலுமிச்சை பிழிந்த டீதான். ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் முன்னால் ஜன்னல் ஓரம் நின்றபடி, டம்ளரைத் தளும்பத் தளும்ப வைத்து, தினமும் அதே இடத்தில். அவர் போன பிறகுதான் அங்கே ஒரு வட்டம் இருப்பதைப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும், தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி மங்கலாகத் தெரியும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், டம்ளரை வைத்துவிட்டு இப்போதுதான் வெளியே போனார், வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். பால் பொங்கி வழிந்துவிடும். அடுப்பைத் துடைப்பேன், வட்டத்தைத் துடைக்க மாட்டேன்.

இப்படி இருக்கும்போது போன அமாவாசைப் படையலுக்கு உன் பெண்டாட்டி ஒத்தாசைக்கு வந்தாள். நல்ல பெண், குறை சொல்லவில்லை. ஐந்து பித்தளை விளக்குக்கும் புளியும் எலுமிச்சையும் பூசி, அந்த ஜன்னலோரக் கல்லின் மேலேயே ஊற வைத்தாள். "அண்ணி, வெளக்கு இன்னா மின்னு மின்னுது பாருங்க!" என்றாள். விளக்கு மின்னியது. கல் மின்னவில்லை. மறுநாள் வெயிலில் பார்த்தால் ஆறு வட்டம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இதில் என் வீட்டுக்காரர் எது? அவருடைய டம்ளரை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். ஆறிலும் பொருந்தியது.

பக்கத்து வீட்டு மஹ்பூபி, உன் மாமாவோடு கம்பெனியில் ஷூவுக்குப் பளபளப்பு ஏற்றுகிற ஃபினிஷிங்கில் இருந்தவள், சேதி கேட்டு ஓடி வந்தாள். "கல்லும் தோலு மாதிரிதான்க்கா. க்ரீம் வெச்சுத் தேச்சா எது பழசு எது புதுசுன்னு தானா எடுத்துக் காட்டும், பேஜாரே இல்ல" என்றாள். ஷூவுக்குப் போடுகிற க்ரீமை டப்பாவோடு கொண்டுவந்து இருவரும் மேடை முழுக்கத் தேய்த்தோம். ஆறும் மறைந்துவிட்டது. ஆனால் தம்பி, அந்த வாசனை! சாயந்திரம் வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாரே, அந்த வாசனை. மஹ்பூபி போனதும் கன்னத்தைக் கல்லில் வைத்தேன். குளுகுளு என்று இருந்தது. நின்றபடியே கண் அசந்துவிட்டது. பின்னால் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பினால் பூனைகூட இல்லை.

மூன்று நாள் இட்லியில் ஷூ வாசனை அடித்தது. உன் மாமாவின் தோஸ்த் ஆபித் பாஷா ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னா சிஸ்டர், வூட்டுக்குள்ளயே ஓவர்டைமா?" என்றார். நாலாம் நாள் கல் முழுக்க எண்ணெய் குடித்த காகிதம் மாதிரி மஞ்சளித்தது. அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். நீ சீனிவாசனை வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினாய்.

அவர் வாசற்படியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, இது சமையல்கட்டா, செருப்புக் கடையா?" என்றார். சோடா உப்பைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து மஞ்சளின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டார். கல் குடித்த க்ரீமை அந்தக் கூழ் குடித்துவிட்டது. வாசனையும் போய்விட்டது. பிறகு வாத்தியார் மாதிரி என்னை நிற்க வைத்துச் சொன்னார்: "இந்தக் கல்லுக்குப் புளிப்பு ஆவவே ஆவாதும்மா. எலுமிச்சம்பழம், புளி, வினிகர், பாத்ரூம் கழுவுற ஆசிட், எதையும் கிட்டயே காட்டக்கூடாது. கம்பி நாரும் வேணாம். வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு, பழைய பனியன் துணி. தொடச்ச கையோட ஈரத்த எடுத்துடணும். அவ்ளோதான்."

க்ரீம் போனதும் ஆறு வட்டமும் திரும்பி வந்து உட்கார்ந்தன. இந்தக் கறையும் போகுமா என்று கேட்டேன். "இது கறையே இல்லம்மா. புளிப்பு கல்லத் தின்னுட்டுருக்கு. அந்த எடத்துல கல்லே கொஞ்சம் கம்மி. மிஷின் போட்டுச் சுத்தியும் தேச்சாத்தான் சமமாவும்" என்றார். கல்லே கொஞ்சம் கம்மி. அந்த வார்த்தை இரண்டு நாள் என் காதிலேயே இருந்தது.

ஆறில் ஒன்று உன் மாமாவுடையது, எது என்று தெரியவில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ண மூடிக்கினு விரலால தடவிப் பாருங்க. ஒரு நாள் ஊறுனது மேலாப்புல இருக்கும். மூணு வருஷம் ஊறுனது விரலுக்குத் தட்டும்." தடவினேன். ஜன்னலிலிருந்து இரண்டாவது வட்டத்தில் விரல் நின்றது. உன் மாமாதான். அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஆகையால் சீனிவாசன் வந்து ஐந்தைத் தேய்க்கட்டும், தட்டைத் தொடக்கூடாது. கல் மேடுபள்ளமாகத் தெரியும் என்று நீ சண்டைக்கு வராதே. இனி அந்த மேடையில் புளிப்பு ஒரு சொட்டு விழாது. ரசத்துக்குப் புளியைக்கூடத் தரையில் உட்கார்ந்துதான் கரைக்கிறேன்.

நீயும் சுந்தரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், கண் நிறைய வாழ வேண்டும். சுந்தரியிடம் விளக்கு இன்னும் மின்னுகிறது என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
கன்னியம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன்னால் தொண்டை வறண்டது என்று டீ போட்டேன். எலுமிச்சை பிழிந்தேன். தட்டை நகர்த்திவிட்டு, அவர் வட்டத்தை ஒட்டி டம்ளரைத் தளும்பத் தளும்ப வைத்தேன். கை தவறி என்று எழுதலாமா என்று பார்த்தேன், பொய் எழுத வரவில்லை. ஈரத்தைத் துடைக்கவும் இல்லை. என்னுடையது வெயிலில் லேசாகத் தெரிகிறது, விரலுக்கு இன்னும் தட்டவில்லை. மூன்று வருஷமாவது ஆகும் போலிருக்கிறது. அதுவரைக்கும் சீனிவாசனை அனுப்பாதே.