எதிரியை முந்திக்கொண்ட அலுவலகம்

வடக்கே எல்லையில் சண்டை மூண்டதும், மேலிடத்துக்குக் கிள்ளைக் கடற்கரையைப் பற்றிக் கவலை வந்தது. எதிரி கப்பலில் வந்து இறங்கினால் முதல் வேலையாகப் பெண்களின் நகையைத்தான் பறிப்பான். ஆகவே அவன் வருமுன் நாமே அதை வாங்கி வைத்துவிடுவது என்று முடிவாகி, சிதம்பரத்தில் 'போர்க்காலப் பொற்காப்பு அலுவலகம்' திறக்கப்பட்டது. அதற்குத் தனி அலுவலர் ஞானசேகரன்.

கிள்ளையில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த மாலதி, மகள் வினோதினியின் கல்யாணத்துக்காகச் சேர்த்த சங்கிலியையும் தோட்டையும் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். ஜீப்பில் வந்த அலுவலர் நேராக அரிசி டிரம்மைத்தான் திறக்கச் சொன்னார். அவர் வீட்டிலும் அதில்தான் வைப்பார்களாம்.

"எதிரி வந்தா என்னம்மா பண்ணுவான்?" என்று பரிவோடு கேட்டார்.

"நகைய எடுத்துக்குவான் சார்."

"நாங்க?"

"நீங்களும் எடுத்துக்கிறீங்க."

"அவன் பேட்ஜ் குடுப்பானாம்மா?"

'பொற்காவலர்' என்று பொறித்த பித்தளை வில்லை ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டு நகையோடு கிளம்பினார்.

மாலதி அதை அலமாரியில் விட்டெறிந்தாள். ஊர் அப்படிச் செய்யவில்லை. சிதம்பரம் நான்கு வீதியிலும் பெண்கள் புடவைத் தலைப்பில் வில்லையைக் குத்திக்கொண்டு நடந்தார்கள். கல்யாண மண்டபத்தில் வில்லை இல்லாதவர்களுக்குக் கடைசிப் பந்திதான். பொட்டுத் தங்கம்கூட இல்லாத பக்கத்து வீட்டு ராசம்மாள், கடன் வாங்கி ஒரு மோதிரம் எடுத்து, விரலில் போட்டுக்கூடப் பார்க்காமல் நகைக்கடையிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போய் ஒப்படைத்தாள்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து வினோதினியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காயத்ரி, எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்கவில்லை. பேட்ஜ் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். மாலதிக்கு உடம்பு கூசியது. ஆனாலும் எடுத்துக் காட்டினாள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஒருநாள் சண்டை நின்றது. ஜனங்கள் நகையைக் கேட்டு அலுவலகத்தில் கூடினார்கள். மாலதி முன்னால் நின்றாள், பக்கத்தில் சம்பந்தியம்மா. சண்டைதான் நின்றிருக்கிறது, பாதுகாப்பு நிற்கவில்லை என்று ஞானசேகரன் விளக்கினார். நகைகள் கடலூருக்குப் போய், அங்கிருந்து ஒரு ரகசிய இடத்துக்குப் போயிருந்தன. அந்த இடம் எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் அதிகாரிகளுக்கும் சொல்லப்படவில்லை. கூட்டம் கொதித்தது. அலுவலர் எழுந்து நின்றார்.

"நகை வேணும்கிறவங்க பேட்ஜ ஒப்படைச்சுட்டு மனு குடுக்கலாம்."

கூட்டம் அடங்கிவிட்டது. பெண்கள் தலைப்பை இழுத்து வில்லையை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். மாலதி மட்டும் தன்னுடையதை மேசைமேல் வைத்தாள். சம்பந்தியம்மா கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. அலுவலர் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டி, தகவல் வரும் என்றார்.

அவள் வெளியே வருவதற்குள் காயத்ரி வேறு பெண் பார்க்க பஸ் ஏறிவிட்டாள். நகையை வாரிக்கொண்டு போன அன்று எட்டிக்கூடப் பார்க்காத கிள்ளைப் பெண்கள், இப்போது மாலதியைச் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராசம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கையில இருந்த ஒரே பொருளயும் புடுங்கிட்டாங்களே, மாலதி."