பிடிக்கிற அளவு மாவு

அன்புள்ள யாட்விகா அக்காவுக்கு,

லூப்லினிலிருந்து தம்பி ரோமுவால்ட் பணிவுடன் எழுதுவது. கிராஷ்னிக்கில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். திரேசா, வலது மணிக்கட்டு நீங்கலாக, சௌக்கியம். போனில் உனக்குக் காது கேட்பதில்லை என்பதால், பஸ் ஓட்டும் என் பழைய கூட்டாளி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு விருந்துக்கு வரும்போது நீ பியரோகிக் கொழுக்கட்டை கொண்டுவரக் கூடாது. ஒன்றுகூடக் கூடாது. இந்த வருஷம் பியரோகி என் கையால்.

சிரிக்காதே. திரேசா பனியில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். மகள் கிங்கா போன் செய்து, "அம்மாவால முடியலேன்னா விடுங்கப்பா, இந்தத் தடவை எல்லாரும் எங்க மாமியார் வீட்டுக்கே வந்துடுங்க" என்றாள். கல்யாணம் மே மாதத்தில்தான். அதற்குள் மாமியாராம்! நம் வீட்டுப் பெண்ணாக அவள் நம் மேஜையில் உட்காரும் கடைசிப் பண்டிகை இது. அதையும் சம்பந்தியம்மாவுக்குத் தாரைவார்ப்பதா? எனக்கு வயிறு எரிந்தது. "இங்கதான் விருந்து. பியரோகி நான் பண்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அதை எப்படிப் பண்ணுவது என்று யோசித்தேன்.

முப்பது வருஷம் டிராலி பஸ் ஓட்டினவன் நான், எனக்கு எதிலும் ஒரு கணக்கு வேண்டும். மாவு எவ்வளவு என்று திரேசாவைக் கேட்டேன். "பிடிக்கிற அளவு" என்றாள். "யாருக்குப் பிடிக்கிற அளவு?" "யாருக்கும் இல்லய்யா, மாவு பிடிக்கிற அளவு." "மாவு மாவையே பிடிக்குமா?" "பிடிக்கும். கொட்டுங்க." கொட்டினேன். இறுகிவிட்டது என்று வெந்நீர் விடச் சொன்னாள், விட்டேன், இளகிவிட்டது என்று மாவு போடச் சொன்னாள், போட்டேன், இப்படியே மாறி மாறி வீட்டிலிருந்த மாவெல்லாம் உள்ளே போய், உருண்டை தலையணை அளவுக்கு வந்துவிட்டது, இன்னும் அதற்குப் பிடிக்கவில்லை. பதம் எப்படித் தெரியும் என்றேன். "காது மடல் மாதிரி இருக்கணும்." என் காதைத் தொட்டுப் பார்த்தேன். அது குளிரில் பஸ் ஓட்டிக் காய்ந்த காது, கணக்கில் சேராது. ஆகவே ஒரு கையில் மாவையும் மறு கையில் திரேசாவின் காதையும் பிடித்து அமுக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேல் வீட்டு வான்தா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். "அடேயப்பா, இந்த வயசுலயுமா!" என்றாள். நான் மானம் போனாலும் பரவாயில்லை என்று, "அம்மா, நீங்களாவது சொல்லுங்க, மாவு எவ்வளவு?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது என்ன கேள்வி? பிடிக்கிற அளவு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது அக்கா.

ஒருவழியாகப் பதம் வந்ததும், மாவைத் தேய்த்துக் கிளாஸால் வட்டம் வெட்டச் சொன்னார்கள். எந்தக் கிளாஸ் என்று யாரும் சொல்லவில்லை. நான் வோட்கா கிளாஸை எடுத்தேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தட்டு நிறைய வெட்டி முடித்த பிறகு, "டீ கிளாஸுய்யா, டீ கிளாஸு!" என்று திரேசா தலையில் அடித்துக்கொண்டாள், மாவுக்கட்டுக் கையால். அவளுக்கும் வலி, எனக்கும் திட்டு. எல்லாவற்றையும் மறுபடி உருட்டி, தேய்த்து, வெட்டினேன். முட்டைக்கோசும் காய்ந்த காளானும் வெங்காயமும் சேர்த்து, அவள் தூங்கும்போது நான் தனியாகவே வதக்கிவைத்த பூரணத்தை உள்ளே வைத்து மூடினேன். முதலில் போட்டவை கொதிக்கும் தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டன. "ஓரத்த நல்லா அமுக்குங்க, சம்பந்தியம்மா கழுத்துன்னு நினைச்சுக்குங்க" என்றாள் வான்தா. அதன் பிறகு ஒன்றுகூடப் பிரியவில்லை.

ஆகவே அக்கா, உன் தம்பி ஜெயித்துவிட்டான். வெறும் கையோடு வா, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வா. உன் அடுப்பு புகையாமல் எரியட்டும், கோழிகள் குளிரிலும் முட்டையிடட்டும், உன் வாசல் பனியை வாரித்தரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆண்டவர் இன்னும் இரண்டு கை வலுவைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தம்பி
ரோமுவால்ட்

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் நம்பாதே. திரேசா எழுந்து வந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். "வெங்காயத்த எதுல வதக்கினீங்க?" "வெள்ளை ஜாடில இருந்த வெண்ணெயில." "அது பன்றிக் கொழுப்புய்யா!" கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு நம் வழக்கப்படி மேஜையில் இறைச்சி வாடையே ஆகாதே. எல்லாம் போச்சு. நான் ஜாடியை முகர்ந்து பார்ப்பதற்குள் அவள் கிங்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். சரி, விருந்து சம்பந்தியம்மா வீட்டில்தான் என்று நினைத்துக்கொண்டேன். போனைக் காதில் வைத்தால் மகள் சிரித்துச் சிரித்து இருமுகிறாள். "அப்பா, இனிமே எதையும் தொடாதீங்க. நான் இன்னிக்கே கிளம்பி வர்றேன். பண்டிகை முடியற வரைக்கும் அங்கதான் இருப்பேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்."

எதற்கும் நீயும் பியரோகி கொண்டுவா, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மகள் இன்று இரவே வருகிறாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை எங்கே படுக்க வைப்பது? மேஜையில் இடம் இல்லையென்று பியரோகி எல்லாவற்றையும் அவள் கட்டிலில்தான் காயப் போட்டிருக்கிறேன்.