மாப்பிள்ளையின் வேகஸ் நரம்பு

உயிரே போனாலும் மாங்காய் டிராக்டரோடு போவதில்லை என்று டைட்டஸ் முடிவெடுத்துவிட்டான். பெங்களூரு கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, கங்காதர நெல்லூருக்கு மாமனார் வீடு தேடி வந்ததே, நாளைய உலகக்கோப்பை செமிபைனலைப் பெரிய டிவியில் பார்க்கத்தான்.

மாமனார் வேதநாயகமோ நாளைக்கு மாங்காய் டிராக்டரோடு அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தார். சீசனில் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை அனுமார் வாலாக நீளும். எடை போடும்வரை வண்டியில் வீட்டு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். எழுந்து போனால் பின்வண்டிக்காரன் முந்திவிடுவான். காய் வெயிலில் அழுகும்.

டைட்டஸ் மனைவியிடம் வலது கையை நீட்டினான். விரல் மூட்டுகள் நிஜமாகவே வீங்கியிருந்தன.

“தபிதா, திருப்பதி டாக்டர் இன்னா சொன்னார் தெரியுமா?”

“மாத்திரையை ஒழுங்கா போடச் சொன்னார். நானும்தானே கூட இருந்தேன்.”

“நீ மருந்துக்கடைக்குப் போனப்புறம் சொன்னார். மூளைக்கு அடியில மூளைத்தண்டுன்னு ஒண்ணு இருக்குது. அங்கிருந்து வேகஸ்னு ஒரு நரம்பு கழுத்து வழியா நெஞ்சு, வயிறுன்னு இறங்குது. உடம்புல வீக்கம் வந்தா அது மேல சேதி சொல்லும். மூளைத்தண்டு, ‘சண்டை போட்டது போதும், அடங்குங்கடா’ன்னு உத்தரவு அனுப்பும். அது வரலைன்னா வீக்கம் ஏறிக்கினே போவும்.”

“அதுக்கு?”

“மனசு பதறக் கூடாது. யாரும் என்னைத் திட்டக் கூடாது. ஓடியாடாம, ஒரே இடத்துல உட்கார்ந்து, மூச்சை மெதுவா விட்டுக்கினு இருக்கணும்.”

நரம்பு விவரமும் மெதுவான மூச்சும் டாக்டர் சொன்னது. மற்றதெல்லாம் டைட்டஸின் சொந்த வைத்தியம்.

தபிதா இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு கவலை. டைட்டஸுக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

“அய்யோ பாவம். இந்த வூட்ல ஏதுங்க அமைதி? குழந்தை கத்தும், நான் கத்துவேன், டிவி கத்தும்.”

“டிவி பரவாயில்லை.”

“எது, மேட்சா? போன மேட்ச்ல ரிமோட்டைக் கடிச்சு வெச்சீங்களே. நரம்பு தாங்குமா?”

டைட்டஸ் நீட்டியிருந்த கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

“ஒரே இடத்துல உட்காரணும். ஓடக் கூடாது. பொண்டாட்டி பக்கத்துல இருக்கக் கூடாது. நம்ம ஜில்லாவுலயே அதுக்கு ஒரு இடம்தான் இருக்குது,” என்றவள் வாசலில் இருந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள். “நைனா, டிராக்டருக்கு ஆள் கிடைச்சாச்சு. அவரோட மாத்திரையையும் வண்டியில வெச்சிடறேன்.”

மறுநாள் ஃபேக்டரி வாசலில் வரிசை அசையவே இல்லை. டைட்டஸ் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். போனில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் வீட்டுக்கு அடித்தான்.

“தபிதா, ஸ்கோர் மட்டும் சொல்லு.”

அந்தப் பக்கம் மாமனார் விசிலடிப்பது கேட்டது.

“ரொம்ப டென்ஷனா போய்க்கினு இருக்குதுங்க. இப்ப சொன்னா உங்க உடம்புக்கு ஆவாது. வீக்கம் இறங்கட்டும், அப்புறமா சொல்றேன்,” என்று தபிதா போனை வைத்தாள்.