என் ஒற்றை அறைக்கு எதிராக நானே கை தூக்கியது

ஜாக்சன் ஹைட்ஸ், நியூயார்க்
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்

அன்புத் தங்கை நொஹெமிக்கு,

அக்கா எடெல்மிரா எழுதிக்கொள்வது. முழங்கால், வலது காது, மகன் வில்மர் ஆகிய மூன்றும் நீங்கலாக இங்கே எல்லாம் சுகம். நம் ஊர் பெரெய்ராவில் நீயும், உன் வீட்டுக்காரரும், எனக்குச் சேர வேண்டிய அம்மாவின் காப்பி அரைக்கும் இயந்திரமும் நலமாக இருக்க கார்மேல் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் நின்றதால்தான் நீ ஐந்தாம் வகுப்பு வரை போனாய் என்பதையும் இங்கேயே நினைத்துக்கொள்.

விஷயம் இதுதான். வீடு கைமாறுகிறது. உன்னிடமே வந்துவிடுகிறேன். ஞாயிறுதோறும் போனில் அழுது அழுது நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் அது கைமாறிய விதத்தை மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே.

இங்கே வீடு விற்பது நம் ஊரில் பசுமாடு விற்பது மாதிரி இல்லை. கட்டடம் முழுவதும் எல்லோருக்கும் பொது, ஆளுக்கொரு பங்கு. வாங்க வருகிறவரைக் குடியிருப்பவர்களில் ஐந்து பேர் கொண்ட குழு கீழே முகப்புக் கூடத்தில் உட்கார வைத்து, பெண் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்து, கேள்வி கேட்டு, கை தூக்கினால்தான் சாவி கிடைக்கும். நானும் என் வீட்டுக்காரர் ஆர்செசியோவும் வந்தபோது எங்களையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். அன்றைய குழுவில் இருந்தவள் ஐந்தாம் மாடி ஃபைன்மன். இன்றும் இருக்கிறாள். சாவு அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கிடைக்காமல் திரும்பியிருக்கும். "இந்த ஒத்த ரூம்ல எத்தன பேரு படுப்பீங்க?" என்று கேட்டாள். "ரெண்டு பேரு" என்றேன். வில்மர் வயிற்றில் ஆறு மாதம், நான் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கோட்டின் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

நீ ஒரு தடவைகூட வந்து பார்க்காத வீடு அது, நொஹெமி. பெரிய போருக்கு முன்னால் கட்டியது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், அப்படிப்பட்ட சுவர். ஒரே அறை, பகலில் சுவருக்குள் மடங்கிப் போய்விடும் கட்டில், நானும் வாணலியும் சேர்ந்து திரும்ப முடியாத சமையலறை. துணி மாற்றுவதற்கென்று கட்டிய பொந்தில்தான் வில்மர் வளர்ந்தான். அவன் கால் நீண்டபோது அதன் கதவைக் கழற்றினோம். முதல் குளிர்காலத்தில் சுவரோரத்து நீராவிக் குழாய் டொக்கு டொக்கென்று அடிக்க, மேலே ஃபைன்மன்தான் சுத்தியலால் தட்டுகிறாள் என்று ஆர்செசியோ கரண்டியை எடுத்துக் குழாயில் திருப்பித் தட்டினார். நாங்கள்தான் தட்டுகிறோம் என்று அவள் பதிலுக்குத் தட்டினாள். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. குழாய் தானாகத் தட்டுகிறது என்று தெரிந்த பிறகும் இருவரும் நிறுத்தவில்லை. இவர் போன பிறகு அந்தக் கரண்டியை நான்தான் எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் கீழே உள்முற்றத்தில் தோட்டம், தெய்வலோகம் மாதிரி இருக்கும், ஆனால் யாரும் மிதிக்கக் கூடாது என்று சட்டம். வில்மர் பந்தை எடுக்க ஒரு கால் வைத்தான், அவள் மேலேயிருந்து விசில் ஊதினாள். "பாக்கறதுக்குத்தான்டா தோட்டம், மிதிக்கறதுக்கு இல்ல!" விசில்! வீட்டில் விசில் வைத்திருக்கிறாள் பார். தெருமுனையில் அயர்லாந்துக்காரன் இறைச்சிக் கடை இருந்த இடத்தில் நம்மவர்கள் சோள ரொட்டி அரெப்பா சுட்டார்கள், பிறகு அங்கே சேலை தொங்கியது, இப்போது திபெத்துக்காரர்கள் மோமோ அவிக்கிறார்கள். அத்தனை வாசனையும் வந்தது அந்த ஒரே ஜன்னல் வழியாகத்தான். தெருவில் தலைக்கு மேலே பாலத்தில் ரயில் போகும்போது எல்லோரும் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு, போன பிறகு மீதியைத் தொடருவோம். பெரெய்ராவில் அப்படி யார் எனக்காக நிறுத்துவார்கள்?

விற்கச் சொன்னவன் வில்மர். "அம்மா, லிப்ட் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவ?" "ஏறுவேன்." "கால் வலிக்குமே?" "அதுவும் என்கூடத்தான்டா ஏறும்." அன்று அவன்மேல் கோபம், நீ அழுததால் உன்மேலும் கோபம். இரண்டு கோபமும் சேர்ந்து "சரி, வித்துத் தொலை" என்று சொல்லவைத்துவிட்டன. தரகன் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். பேமா, திபெத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டிலின் பெருமையைக் காட்டுகிறேன் என்று தரகன் கோட்டு சூட்டோடு அதில் படுத்தான். என் கட்டிலுக்கு அந்நியர் ஆகாது. அது அவனோடு பாதி மடங்கிக்கொண்டது, பளபளப்பான இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே. "யாராவது இழுங்களேன்!" என்று சுவர் கத்தியது. பேமா ஒரு காலும் நான் ஒரு காலுமாக இழுத்தோம். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, இதுக்கு உங்களத் தவிர யாரையும் பிடிக்காதுபோல" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதனாலேயே இன்னும் எரிச்சல். அன்றே முடிவு செய்தேன், இவளைக் குழுவில் தோற்கடிக்க வேண்டும். குழுவில் நானும் ஒருத்தி அல்லவா!

கேள்வி கேட்கும் நாள் வந்தது. ஆறாம் மாடி ட்ரெவர், நாய் வைத்திருக்கிற பையன், அவன்தான் தலைவர். மருந்துக் கடை ஷஃபீக், எப்போதும் தூங்கும் கிழவர் ஜியோகெகன், ஃபைன்மன், நான். "சமையல் வாசன வருமா?" என்று மிரட்டினேன். "வரும் ஆன்ட்டி. வெண்ணெய் டீ போடுவேன். உங்களுக்கும் குடுப்பேன்." "எத்தன பேரு படுப்பீங்க?" கேட்டது என் வாய்தான், குரல் மட்டும் ஃபைன்மனுடையது. எனக்கே உடம்பு கூசியது. பேமா கையைப் பிசைந்துகொண்டு, "இப்போ நான் மட்டும். அம்மாவுக்கு விசா கெடச்சா ரெண்டு பேரு" என்றாள். மறைக்கக்கூடத் தெரியாத பிள்ளை.

ட்ரெவர் ஓட்டுக் கேட்டான். அவன் சரி என்றான், ஷஃபீக் சரி என்றான். ஃபைன்மன், "வேண்டாம்" என்றாள். காரணம் சொல்லவில்லை. அவள் முழங்கையால் இடித்ததும் ஜியோகெகன் விழித்து, "வேண்டாம், வேண்டாம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருந்தாலே போதும், நொஹெமி! நினைத்தது நடந்திருக்கும். ஆனால் வேண்டாம் என்று சொன்னவள் ஃபைன்மன். கூடத்துத் திரைச்சீலையா, அவள் வேண்டாம் என்பாள், நான் வேண்டும் என்பேன். நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரமா, அவள் வேண்டாம், நான் வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக எழும்பிவிட்டது. "சரி!" என்று கத்தினேன், ட்ரெவரின் நாய்கூடக் குரைத்தது. பேமா ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். என்ன செய்தேன் என்பது லிப்ட் கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

லிப்டில் பக்கத்தில் ஃபைன்மன். "உனக்கு மூளை இருக்கா, எடெல்மிரா?"

"உனக்கு நெஞ்சு இருக்கா? அந்தப் பொண்ணு உன்ன என்ன பண்ணுச்சு?"

"அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணு. அவளுக்காகவா வேண்டாம்னேன்? நீ போயிட்டா நான் யார்கூடடீ சண்ட போடுவேன்? ஜியோகெகன்கூடயா? பாதியில தூங்கிருவான்."

அன்று போலவே என் சட்டைப் பித்தானைப் பார்த்தபடியே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மாடியும் வந்து போனது, அவள் மாடியும் வந்து போனது. இருவருமே இறங்கவில்லை.

ஆனாலும் ஓட்டு ஓட்டுதான். மாதக் கடைசியில் வந்து சேருவேன். உன் பிள்ளைகளுக்கு நல்ல சம்பாத்தியமும், உன் வீட்டுக்காரருக்கு நல்ல செவியும், உனக்குக் கொஞ்சம் நியாய உணர்ச்சியும் கிடைக்க ஆசீர்வதிக்கிறேன்.

உன் அக்கா,
எடெல்மிரா

பின்குறிப்பு: நல்லவேளை, முழங்கால் வலியில் இதை இத்தனை நாள் தபாலில் போடவில்லை. மறுநாள் காலை குழாய் டொக்கென்றது. அன்று நல்ல வெயில், நீராவி ஏது? மேலே போனேன். "சொந்த வீடு விக்கிறவ ஓட்டுப் போடக் கூடாது. சட்டம்" என்றாள் ஃபைன்மன். "அத அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?" "நீ கை தூக்கின கோவத்துல சட்டமே மறந்துபோச்சு." என் ஓட்டைக் கழித்தால் இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் இல்லை என்றுதான் அர்த்தம். இன்னொரு தரகனைக் கூட்டி வருகிறேன் என்று வில்மர் குதித்தான். அவனுக்கும் அந்தக் கட்டிலில் படுக்க இஷ்டமிருந்தால் கூட்டி வா என்றேன். பேமாவுக்கு இரண்டாம் மாடியில் இதே மாதிரி ஓர் அறை கிடைத்துவிட்டது. அதற்கு ஐந்து கையும் எழுந்தன. நானும் ஃபைன்மனும் ஒரே பக்கம், அன்று இருவருக்கும் சோறு செரிக்கவில்லை. ஆகவே நான் வரவில்லை, அழாதே, முடிந்தால் நீ வா. வியாழக்கிழமை மறுபடி கூட்டம். கூடத்தில் மீன்தொட்டி வைக்கலாமா என்று பேச்சு. எனக்கு மீனைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவள் வேண்டாம் என்கிறாளாம்.