ஏசி வேண்டாம், குளிருது

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, கூடவே எஞ்சினும் நின்றது.

"என்ன மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்?" பின்சீட்டிலிருந்து மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை."

ஒன்றுமில்லையாவது! ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. மாமியார் வந்து தங்கிய ஒரு மாதமாக, நல்ல பெயர் எடுக்கவேண்டிப் பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் மாப்பிள்ளைதான். இன்று மாமியார் ரயில் ஏறிவிட்டால் விடுதலை. பயணம் கெடக்கூடாதென்று மனைவி நேற்றே வண்டிக்குப் புது பேட்டரி போட்டுவைத்தாள், மகராசி.

பச்சை விழுந்தது. பதற்றத்தில் பிரேக்கை விடாமல் ஸ்டார்ட் பட்டனை ஒரு குத்து குத்தினார். எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அணைந்தன. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. மறுபடி குத்திய பிறகுதான் வண்டி கிளம்பியது.

நின்றால்தானே அணையும்? அடுத்த சிவப்பில் நிற்காமல் ஊர்ந்தார். போக்குவரத்துக் காவலர் ஓரங்கட்டினார். எஞ்சின் மறுபடி அணைந்தது.

"ஏன்யா, சிவப்பு கண்ணுக்குத் தெரியலையா?"

"நின்னா அணைஞ்சிடுது சார்."

"நிக்கலேன்னா லைசென்ஸ் போயிடும், பரவாயில்லையா?"

"பானெட்டத் திறந்து பாருங்களேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார், அக்கறையாக.

திறந்தார்; ஒன்றும் புரியவில்லை. மூடிவிட்டு வந்து பார்த்தால் டாஷ்போர்டில் புதிதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. எதிரே இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி மெக்கானிக்கை இழுத்துவந்தார்.

மெக்கானிக் சிரித்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு சார். நிக்கிறப்ப பெட்ரோல் வீணாகக் கூடாதுன்னு தானா அணைச்சுக்கும். பிரேக்குல இருந்து கால எடுத்தா தானா கிளம்பும். பானெட்டத் திறந்ததாலதான் அந்த மஞ்சள் விளக்கு."

"இத்தனை நாள் ஒரு தடவகூட அணையலையேப்பா!"

"பழைய பேட்டரியில தெம்பு இல்ல, சும்மா கிடந்துச்சு. புதுசு போட்டதும் முழிச்சுக்கிச்சு. இந்த வெயில்ல ஏசி ஃபுல்லா ஓடியிருந்தாக்கூட அணைஞ்சிருக்காது. ஏன் போடல?"

"அத்தை குளிருதுன்னாங்க," என்றார் மாப்பிள்ளை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு போனது. மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்சீட்டில் மாமியார் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார்.

"நீ சொன்ன மாதிரியே ஏசி வேண்டாம்னுட்டேன்டி, ரயில் போயிடுச்சு, பாத்திரத்தத் தொடாத, அப்படியே போட்டு வை."