உப்பு ஆபீஸ் கதவைத் திருப்பிக் கேட்டு ஓரகத்திக்கு

பழைய உப்பு ஆபீஸ்,
உப்பங்கரை பேரூராட்சி.
(வழி: மீன் மார்க்கெட் பின்புறம்)

அன்புத் தங்கை, என் கொழுந்தன் ஜான்சனின் மனைவி, சவுக்குமேடு பேரூராட்சித் தலைவர் ஷாரோனுக்கு, பக்கத்து ஊர்த் தலைவரும் உன் ஓரகத்தியுமான வரலட்சுமி எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையாலும் திருப்போரூர் முருகன் தயவாலும் நானும் என் வீட்டுக்காரரும் சுகம். நீயும் கொழுந்தனாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் ஒருதரம் மாலையில் ஒருதரம் வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நீ என்னை பிளாக் செய்து வைத்திருப்பதாலும், போன் போட்டால் "மேடம் மீட்டிங்ல கீறாங்க" என்று கொழுந்தனாரே குரலை மாற்றிப் பேசுவதாலும், இதைக் கையால் எழுதி அனுப்புகிறேன்.

விஷயம் ஒன்றுதான். எங்கள் உப்பு ஆபீசின் தேக்குக் கதவு உன்னிடம் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். வருகிற திங்கட்கிழமை அமைச்சர் வருவதற்குள் அது எங்கள் வாசலில் பழையபடி நிற்காவிட்டால் என் நாற்காலி போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். நாற்காலி போனால்கூடப் பரவாயில்லை, அது போவதை நீ மேடையில் உட்கார்ந்து பார்ப்பாய் பார், அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

என் கதவு உன் வாசலுக்கு எப்படி வந்தது என்று உனக்கே தெரியும். ஆனாலும் வயிற்றெரிச்சலில் இந்த அக்கா என்ன பாடு பட்டாள் என்பது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன், கேள். நாம் இரண்டு பேரும் ஒரே தேர்தலில், ஒரே கட்சியில், ஒரே மாமியார் வீட்டிலிருந்து ஜெயித்து வந்தோம். பேரூராட்சி அலுவலகம் என்று எனக்கு வெள்ளைக்காரன் கட்டிய உப்பு ஆபீஸ், உனக்கு வெள்ளைக்காரன் வந்து தூங்கிய பங்களா. சரி, ஆளுக்கொன்று என்று நானும் சும்மாதான் இருந்தேன். நீதானே தாயே முதலில் ஆரம்பித்தாய்! அந்தப் பங்களா முகப்பை இடித்து, மாமல்லபுரத்துப் பட்டறையில் இரண்டு சிங்கத்தூண் செய்து நிறுத்தி, மேலே வளைவு போட்டு, அமைச்சரைக் கூட்டி வந்து ரிப்பன் வெட்டவைத்தாய். அவரும் சிங்கத்தின் தலையைத் தடவிக்கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த போட்டோவை நம் அத்தை பிரேம் போட்டு டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சின்னவ வூட்டு ஆபீசு பாத்தியா, இன்னா ஷோக்கா கீது! பெரியவளும்தான் கீறா, வௌவால் பங்களாவுல குந்திகினு" என்று சொல்ல ஆரம்பித்தது. நான் காபி கொண்டுவந்து வைக்கும்போதே சொல்கிறது ஷாரோன், என் காதில் விழ வேண்டும் என்றே சொல்கிறது. அன்றைக்கு எனக்கு ஏறின பொறாமை இன்னும் இறங்கவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை, டி.வி. பார்க்கப் போனால் பக்கத்திலேயே நீயும் அமைச்சரும் சிங்கமும்.

உடனே நம் காண்டிராக்டர் தாமோதரனைக் கூப்பிட்டேன். அவன் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யக்கா, நீ ஒண்ணியும் கவலப்படாத. அவுங்க ரெண்டு சிங்கம் வச்சாங்களா? நாம நாலு வச்சிடலாம். பாக்குறவன் பேஜாராயிடணும்" என்றான். என் மனதிலிருந்ததை அப்படியே சொல்கிறானே என்று சந்தோஷமாகிவிட்டது. வராந்தாவில் வரிசையாக நின்ற அந்த உருண்டைத் தூண்களை எடுத்தோம். சுண்ணாம்புச் சுவரின் மேல் கிரானைட் ஒட்டினோம். கூரையின்மேல் கடற்கரைக் கோயில் மாதிரி ஒரு விமானம் வைக்க ஆசைப்பட்டேன், பழைய கூரை கல் பாரம் தாங்காது என்று தாமோதரன் பைபரில் செய்து ஏற்றினான். ஏற்றின வாரமே கடற்காற்று அதை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் குப்பத்தில் இறக்கிவிட்டது. திரும்ப எடுத்துவர ஆள் அனுப்பினால், "இன்னாத்துக்குக்கா? வலை பின்ன நல்லா நெழலா கீது, வுட்டுடு" என்கிறார்கள். அவர்கள் வோட்டு எனக்கு வேண்டுமே, விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் வாஸ்து. படூர் அபார்ட்மென்டில் ஷ்யாம் என்று ஒருவர் இருக்கிறார், வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. கம்பெனி, சனி ஞாயிறு வாஸ்து. அவர் செல்போனில் திசை பார்த்துவிட்டு, "மேடம், உங்க கிழக்குப் பக்கத்து வாசல்தான் உங்க ஓரகத்திய மேல தூக்கி வுடுது. வடக்கால தொறந்தீங்கன்னா குபேரன் வருவான்" என்றார். என் முன்னேற்றத்துக்காக என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன், நீ மேலே போவதற்குக் காரணமே என் வாசல்தான் என்றதும் அந்த நிமிஷமே அதை அடைக்கச் சொல்லிவிட்டேன். வடக்குச் சுவரை உடைத்து வழி திறந்தோம். வடக்கே மீன் மார்க்கெட்டின் பின்புறம், ஐஸ் பெட்டி கழுவுகிற இடம். குபேரன் இன்று வரை வரவில்லை, மனு கொடுக்க வருகிறவர்கள்தான் மீன் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே பூனைகள். கவுன்சில் கூட்டத்தில் என் மேசைமேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது, அதை இறக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கதவு அப்போது போனதுதான். பழைய வாசலை அடைத்த பிறகு அந்த இரட்டைக் கதவு வராந்தாவில் சும்மா சாய்ந்து கிடந்தது. பித்தளைக் குமிழ், ஆள் உயரத்துக்கு மேல் தேக்கு, இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். "இந்த வௌவால் நாத்தம் புடிச்ச கதவ இன்னும் இன்னாத்துக்கு வச்சிகினு கீற? எடுத்துகினு போ" என்று தாமோதரனிடம் நான்தான் சொன்னேன். அவன் பழைய மரக்கடையில் போட்டான். நான் சொன்ன வார்த்தைதான், வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

இனிமேல்தான் சிங்கங்கள். பட்டறையில் கேட்டால், கல் சிங்கம் செதுக்க மாதக் கணக்காகும் என்றார்கள். எனக்கு எங்கே அத்தனை பொறுமை? அமைச்சர் தேதி கொடுத்துவிட்டாரே. ஒரு ரிசார்ட்டுக்காகச் செய்து, அவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்ட நான்கு சிங்கங்கள் மூலையில் கிடந்தன. உன் சிங்கத்தைவிட உயரம், பிடரியும் அடர்த்தி. அவசரத்தில் லாரி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வாய்க்குள் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை என்று நானும் கேட்கவில்லை, தாமோதரனும் கேட்கவில்லை. நீச்சல் குளத்தில் தண்ணீர் கொப்பளிப்பதற்காகச் செய்த சிங்கங்கள் அவை. தாமோதரனோ, ஓட்டை இருந்தால் அதற்கு ஒரு குழாய் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன், மொட்டை மாடி மழைத்தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து நாலு சிங்கத்துக்கும் பின்னால் செருகிவிட்டான்.

திறப்பு விழா அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. அமைச்சர் வந்தார், சால்வை போட்டோம், அத்தையை முன் வரிசையில் உட்காரவைத்திருந்தேன். அவர் உன் சிங்கத்தைத் தடவியது மாதிரியே என் சிங்கத்தையும் தடவ வேண்டும் என்று கொஞ்சம் முன்னால் வரச்சொல்லி நான்தான் கையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்கில் மாடியில் சேர்ந்த வௌவால் புழுக்கையும் காரைத்தூளும் கரைத்துக்கொண்டு வந்து, நாலு சிங்கமும் ஒரே நேரத்தில் வாந்தியெடுத்தன, ஷாரோன். அமைச்சரின் வெள்ளை வேட்டி என்ன நிறமானது என்று நான் எழுத மாட்டேன். காரில் ஏறி, வேட்டி மாற்ற எங்கே போனார்? உன் பங்களாவுக்கு! நீ சுக்குக் காபி கொடுத்தாயாம். அத்தை அன்று ராத்திரி டி.வி. பக்கத்து போட்டோவை எடுத்துத் துடைத்து வைத்தது. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதோடு முடிந்ததா? அமைச்சர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போனார், அங்கே பழைய கட்டடங்களைப் பழையபடியே வைத்திருப்பதைப் பார்த்தாராம், திரும்பி வந்ததும் "பழமையே நம் பெருமை" என்று பேட்டி கொடுத்தார். உனக்கு மட்டும் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எப்படித்தான் முதலில் தெரிகிறதோ! பேட்டி வந்த மறுவாரமே உன் சிங்கங்களைக் காணோம், வளைவைக் காணோம். உன் பங்களாவின் கதவுதான் கரையான் தின்றுபோயிருந்ததே, மரக்கடையில் கிடந்த என் கதவை எடுத்துப்போய், எண்ணெய் தடவி, பித்தளையைப் பளபளவென்று துலக்கி உன் வாசலில் மாட்டிவிட்டாய். பழங்கட்டடங்களைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய அதிகாரி பிரதீபா மேடம் உன் வாசலை மெச்சி, மற்ற ஊர்களெல்லாம் சவுக்குமேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்து இங்கே வந்தார். கையில் உப்பு ஆபீசின் பழைய போட்டோ. அதையும் என் சிங்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கதவு எங்க மேடம்? திங்கட்கிழமை அமைச்சர் பார்க்க வர்றதுக்குள்ள எல்லாம் பழையபடி இருக்கணும்" என்றார். என் கதவுக்கு வழி கேட்டால் உன் ஊருக்குக் கை காட்ட வேண்டிய நிலைமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

தூண்களைத் தாமோதரன் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கிரானைட்டைப் பெயர்த்தாயிற்று. சிங்கங்களைப் பட்டறைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். கிழக்கு வாசலைத் திறந்துவிட்டோம், அங்கே இப்போது ஒரு தார்ப்பாய் தொங்குகிறது. நேற்று எல்லோரும் போன பிறகு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நம் மாமனாரின் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் உப்பளத்தில் வெந்து, கூலிக்காக அந்தக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள், உள்ளே கூப்பிட்டது கிடையாது. நான் பதவியேற்ற அன்றைக்கு அதே கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனேன். நீயும் பின்னாலேயே வந்து கைதட்டினாய், நிஜமாகவே சந்தோஷமாகத் தட்டினாய். அதையா நான் வௌவால் நாற்றம் என்று தூக்கிப் போட்டேன் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். பொறாமை பிடித்தவள்தான் நான், ஒப்புக்கொள்கிறேன். உன் சிங்கத்தின்மேல் பொறாமை, அமைச்சர்மேல் பொறாமை, சுக்குக் காபிமேல்கூடப் பொறாமை. எல்லாம் இன்றோடு போகட்டும். நீ என் கூடப்பிறக்காத தங்கச்சி. கதவைக் கொடுத்துவிடு. உன் பங்களாவுக்கு என் செலவில் புதுக் கதவு போட்டுத் தருகிறேன். திங்கட்கிழமை மேடையில் உனக்குத்தான் முதல் சால்வை, என் கையாலேயே போடுவேன்.

கொழுந்தனாருக்கு என் அன்பு. உன் பதவியும் பவிசும் மேலும் மேலும் உயரவும், உன் வாசலில் எந்நாளும் நல்லதே வந்து நிற்கவும், நீ தொட்டதெல்லாம் விளங்கவும் இந்த அக்காவின் மனமார்ந்த ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
வரலட்சுமி ஏசுபாதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போதே வாசலில் டெம்போ சத்தம். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் தம்பியிடம் பேசிவிட்டாராம், நீயும் உடனே கதவை அனுப்பிவிட்டாயாம். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், கதவைத்தான். தாமோதரன் ஆள் வைத்து மாட்டியும் விட்டான், பிரதீபா மேடமும் வந்து பார்த்து, பழங்கட்டடப் பதிவேட்டில் ஏற்றி, இனி இதில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான், பித்தளையில் கீறல் விழாமலிருக்க அதன் நடுவில் மட்டும் நீ சுற்றி அனுப்பியிருந்த துணியை எடுத்தோம். கோயில் ட்யூப்லைட்டில் எழுதுகிற மாதிரி, கை வைத்துத் தள்ளுகிற இடத்திலேயே, பித்தளைத் தகட்டில், கொட்டை எழுத்தில், ‘உபயம்: ஷாரோன் ஜான்சன், தலைவர், சவுக்குமேடு பேரூராட்சி’. அடிப்பாவி! மேலே எழுதிய ஆசீர்வாதங்கள் அனைத்தும் இதனால் ரத்து செய்யப்படுகின்றன. சால்வையும் கிடையாது. இன்று ராத்திரியே டெம்போ அனுப்பி அந்தக் கதவை எடுத்துக்கொண்டு போ, உத்தரவு போட்ட மேடத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் நாற்காலி போனாலும் போகட்டும், தினமும் காலையில் உன் பேரைத் தள்ளிக்கொண்டு நான் என் ஆபீசுக்குள் போக மாட்டேன்.