கட்டிலுக்கடியில் காணாமல் போன கூலன்ட்

டூசான், அரிசோனா

அன்புள்ள மைத்துனர் ட்வெய்னுக்கு,

அர்லன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா லவானும் நலம், வண்டியும் நலம். மினசோட்டாவில் பனி வாரிப் போட்டு உன் இடுப்பு என்ன கதியில் இருக்கிறது என்று அறிய ஆவல்.

போன கடிதத்தில் வண்டியை வாங்க ஆள் பார்க்கச் சொல்லியிருந்தேனே, அதை மறந்துவிடு. யாராவது வந்து நின்றால் காபி கொடுத்து அனுப்பிவிடு. இருந்த வீட்டை விற்று வாங்கிய வீட்டு வண்டி இது. இதுவும் போனால் மகள் வீட்டு நிலவறையில், துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில்தான் எங்களுக்குக் கட்டில். அப்படித்தான் ஆகியிருக்கும். தினமும் ஓட்டி முடித்துப் பார்த்தால் தொட்டியில் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் இறங்கியிருக்கும். வண்டிக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. காலையில் மூடி விளிம்புவரை ஊற்றுவேன், சாயங்காலம் பார்த்தால் மறுபடி இறங்கியிருக்கும். உன் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "டூசான்லயும் இதே கதைன்னா வண்டியை அங்கயே தள்ளிட்டு மககிட்ட போயிடலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முன் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் தங்கினோம். அங்கே ஒருவன் எஞ்சினைத் திறந்தால் போதும், சுற்றிலும் எங்களைப் போல வண்டிகளில் தங்கியிருக்கும் கிழவர்கள் எல்லாம் அவரவர் மடக்கு நாற்காலி, அவரவர் காபிக் கோப்பையோடு ஆஜராகிவிடுவார்கள். நம் வண்டியில் எஞ்சின் இருப்பதோ எங்கள் கட்டிலுக்கடியில். மெத்தையைத் தூக்கி நிறுத்தியதுதான் தாமதம், படுக்கையறைக்குள் சபை கூடிவிட்டது. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற வெர்ன், "ஹெட் கேஸ்கட் போச்சு. எஞ்சினை இறக்கியே ஆகணும்" என்றான். பல் மருத்துவராக இருந்த வெண்டல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இல்லப்பா, ரேடியேட்டர்ல ஓட்டை. கழட்டிடலாம்" என்றான். "உனக்கு எதைப் பாத்தாலும் புடுங்கணும்!" என்றான் வெர்ன். உன் அக்கா வாசலில் வந்து நின்று, "எல்லாரும் கொஞ்சம் வெளிய போறீங்களா? நான் பேன்ட் மாத்தணும்" என்றாள். அப்போதும் வெண்டல் கோப்பையை முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள், கடைக்குப் போனவளிடம் ஒரு கேன் கூலன்ட் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். காலையில் ஊற்றலாம் என்று தேடினால் கேனைக் காணோம். அவளைக் கேட்டேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, ட்வெய்ன். "இன்னிக்கு ஊத்த வேண்டாம், அர்லன். அப்படியே ஓட்டு, பாக்கலாம்" என்றாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்த கண் பார்த்தபடி ஓட்டினேன். அவளோ பக்கத்தில் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். மனக்கணக்கு! முள் கடைசிவரை அசையவே இல்லை. டூசானில் எஞ்சின் ஆறியதும் தொட்டியைத் திறந்தால், காலையில் இருந்த அளவு அப்படியே இருக்கிறது!

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. கூலன்ட் சூடானால் பெருகும், அதற்குத் தொட்டியில் கொஞ்சம் காலியிடம் வேண்டும். நான் விளிம்புவரை ஊற்றினால் அது என்ன செய்யும், ஓடும்போதே மூடி வழியாகத் துப்பிவிடுகிறது. பின்னால் கட்டி இழுக்கிற காரின் கண்ணாடியில் பிசுபிசுவென்று இருந்ததை நான் பூச்சி என்று துடைத்துக்கொண்டிருந்தேன். ஒழுக்கே கிடையாது, நானேதான் ஒழுக்கு! இதை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், ஊற்றாமல் ஓட்டிப் பார் என்ற ஒரே சோதனையில் கண்டுபிடித்தாளே, இவளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் இவள் மூளையின் ஆழம் எனக்குத் தெரியவில்லையே! உன் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த அறிவு உண்டா, இல்லை உன்னை மட்டும் விட்டுவிட்டதா? எனக்கு வாய்த்தவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. ஏரியில் பனி கெட்டிப்படும்வரை மீன் பிடிக்க இறங்காமல் நீண்ட ஆயுளோடு இரு.

உன் அத்தான்,
அர்லன்

பின்குறிப்பு: தம்பி, லவான் எழுதறேன். உறையை ஒட்டித் தரேன்னு இதை வாங்கிக்கிட்டேன். சோதனையும் இல்ல, ஒண்ணும் இல்லடா. அன்னிக்குக் கடைக்குப் போற வழியில, கலர்க் கல் நகை விக்கற சந்தையில தோடு பாத்துக்கிட்டே நின்னு, கூலன்ட் வாங்கச் சுத்தமா மறந்துட்டேன். சொன்னா கத்துவாரேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன். மனக்கணக்காம்! எஞ்சின் வெடிச்சிடக் கூடாதுன்னு வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டு வந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் என்னை இப்படிப் புகழ்ந்ததே இல்ல. மேல இருக்கறதை ஃப்ரேம் போட்டு மாட்டு. இதை மட்டும் கத்தரிச்சு அடுப்புல போட்டுடு.